துப்பாக்கி இல்லாத படை

1940 ஜூலை. பிரான்ஸ் ஹிட்லரிடம் சரணடைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. டெல்லியில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டியின் முன் ராஜாஜி எழுதிய தீர்மானம் ஒன்று வைக்கப்பட்டது. இந்தியாவின் முழு விடுதலையை பிரிட்டன் ஒப்புக்கொண்டு, மத்தியில் ஒரு தேசிய அரசையும் அமைக்கட்டும். நாட்டின் பாதுகாப்புக்குக் காங்கிரஸ் தன் முழு பலத்தையும் தரும் என்றது அது. உள்ளே இருக்கும் அரசை எதிர்க்க அகிம்சை போதும், எல்லை தாண்டி வரும் படையை எதிர்க்க அது போதாது என்பது ராஜாஜியின் கட்சி. வல்லபபாய் படேலையே அவர் தன் பக்கம் இழுத்துவிட்டார். காந்தியோடு அசையாமல் நின்றவர் கான் அப்துல் கஃபார் கான். தீர்மானம் நிறைவேறியதும் அவர் காரியக் கமிட்டியை விட்டு விலகினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போருக்குத் துணை நிற்கலாம் என்றவர் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். மாட்டேன் என்றவர், ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடித்துக் கொண்டாடும் ஊரிலிருந்து வந்தவர். இந்த நிகழ்ச்சியை எழுதுபவர்கள் அதை ஒரு மகானின் கொள்கைப் பிடிப்பு என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஓர் அமைப்பாளரின் கணக்காகவே தெரிகிறது. பதினோரு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான பட்டாணியர்களிடம் ஆயுதத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தவர் அவர். தேவைப்பட்டால் தொடலாம் என்று கட்சியே தீர்மானம் போட்டுவிட்டால், ஊர் திரும்பி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

கஃபார் கானைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் நான் காணும் குறை இதுதான். ‘எல்லை காந்தி’ என்று பட்டம் கொடுத்து, காந்திக்குப் பக்கத்தில் நிற்கும் நெடிய உருவமாக, வெள்ளைத் தாடியும் கனிந்த முகமுமாக அவரை நிறுத்திவிட்டோம். அவர் கட்டிய இயக்கம் பற்றி, அது எப்படி ஓடியது, யார் அதில் சேர்ந்தார்கள், யார் அதை உடைத்தார்கள் என்பது பற்றிப் பேச்சே இல்லை. அகிம்சை என்பது மென்மையான மனிதர்கள் மென்மையான எதிரியிடம் காட்டும் பண்பு என்ற எண்ணம் இன்று வரை நம்மிடம் நிலைத்திருப்பதற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

பெஷாவர் பள்ளத்தாக்கில், சார்சத்தா பக்கத்து உத்மான்சாய் கிராமத்தில் 1890 வாக்கில் பிறந்தவர் கஃபார் கான். தந்தை பெஹ்ராம் கான் வசதியான நிலக்கிழார். பிள்ளை பெஷாவரில் மிஷன் பள்ளியில் படித்தார். பட்டாணிய இளைஞர்கள் தவம் கிடக்கும் ‘கைட்ஸ்’ படைப்பிரிவில் அதிகாரியாகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே பதவியில் இருந்த நண்பர் ஒருவரை வெள்ளை அதிகாரி ஒருவர் கண்முன்னே அவமதிப்பதைப் பார்த்ததும் அந்த ஆசையைக் கைகழுவினார். அண்ணன் கான் சாகிப் லண்டனுக்குப் போய் டாக்டரானார். தம்பியும் கப்பலேற இருந்தபோது, ஒரு மகனை ஏற்கெனவே சீமைக்குக் கொடுத்தாயிற்று, இன்னொருவனைத் தரமாட்டேன் என்று தாய் தடுத்துவிட்டார். மகன் ஊரிலேயே தங்கி, 1910-இல் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்.

கல்வி என்பது அந்த மண்ணில் அரசியலைவிட ஆபத்தான வேலை. முல்லாக்கள் அதை மார்க்கத்துக்கு விரோதம் என்றார்கள். பிரிட்டிஷ் அரசுக்கோ, தன் உதவியில்லாமல் நடக்கும் எந்தப் பள்ளியும் கலகத்தின் விதை. 1901-இல் பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்ட எல்லைப்புற மாகாணத்துக்கு மற்ற மாகாணங்களுக்குக் கிடைத்த சீர்திருத்தங்கள் கிடைக்கவில்லை. எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குமுறை என்று ஒரு சட்டம் மட்டும் கிடைத்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் கிராமத்தையே, குலத்தையே தண்டிக்கலாம். பள்ளிகள் மூடப்பட்டன. கஃபார் கான் கிராமம் கிராமமாக நடந்தார். சுமார் ஐநூறு கிராமங்களுக்குப் போனதாகச் சொல்வார்கள். 1921-இல் மீண்டும் பள்ளி திறந்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே கைதாகி, மூன்றாண்டு கடுங்காவலில் மாவரைத்தார். விடுதலையானதும் மறுபடி பள்ளிக்கூடம். 1928-இல் ‘பக்தூன்’ என்ற பஷ்தூ இதழைத் தொடங்கினார். அதில் பெண்கள் எழுதினார்கள். முகத்திரை போட்டு எங்களைப் பூட்டி வைக்கும் ஆண்களுக்கு விடுதலை கேட்க என்ன யோக்கியதை என்ற தொனியில் எழுதவும் செய்தார்கள். நூறாண்டுக்கு முந்தைய சார்சத்தாவில் இது நடந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

1929-இல் குதாயி கித்மத்கார், அதாவது இறைப்பணியாளர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் உறுதிமொழியைக் கவனித்துப் படித்தால் கஃபார் கானின் மூளை வேலை செய்த விதம் புரியும். இறைவனுக்கு யாருடைய பணிவிடையும் வேண்டாம், அவன் படைப்புக்குச் செய்வதே அவனுக்குச் செய்வது என்று தொடங்கி, வன்முறையும் பழிவாங்கலும் கூடாது, நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பொதுவேலை செய்ய வேண்டும், பதவியோ கூலியோ எதிர்பார்க்கக் கூடாது என்று அது போகும். பகைக் குடும்பங்களோடு சண்டை சச்சரவில் இறங்கமாட்டேன் என்ற வாக்குறுதியும் உண்டு. பட்டாணியர் வாழ்வில் பழிக்குப்பழி என்பது சொத்துபோலத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது. தாத்தாவைக் கொன்றவனின் பேரனைக் கொல்லாதவனுக்கு ஊரில் மரியாதை இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து சுவரில் துப்பாக்கித் துளை வைத்துக் கட்டும் மக்கள், ஒன்றுசேர்ந்து ஓர் அரசை எதிர்க்க முடியாது. பழிவாங்கலை நிறுத்தினால்தான் ஒற்றுமை, ஒற்றுமை வந்தால்தான் விடுதலை. அகிம்சை அவருக்கு வந்த வழி இது. காந்தியைச் சந்திப்பதற்கு வெகு முன்பே பள்ளி நடத்திச் சிறை போனவர் அவர். மக்காவில் நபிகள் பதின்மூன்று ஆண்டுகள் துன்பத்தைப் பொறுத்த காலத்தையே அவர் தன் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அமைப்பை அவர் ஒரு பட்டாளமாகவே கட்டினார். அணிவகுப்பு உண்டு, முரசும் குழலும் உண்டு, படைகளில் இருப்பதுபோலப் பதவி வரிசை உண்டு. முதலில் எல்லோரும் வெள்ளை உடைதான் போட்டார்கள். கிராமத்துப் புழுதியில் அது நாலு நாளில் நிறம் மாறியது. தோல் பதனிடும் இடத்தில் மரப்பட்டைச் சாயத்தில் ஒருவர் தன் சட்டையை முக்கி எடுத்தார். செங்கல் நிறம் வந்தது. மலிவு, அழுக்குத் தெரியாது. எல்லோரும் அப்படியே செய்தார்கள். ‘செஞ்சட்டைக்காரர்கள்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். அந்தச் சாயத்தைக் காட்டி, இவர்கள் ரஷ்யாவின் ஆட்கள் என்று அரசு லண்டன் வரை செய்தி பரப்பியது என்பது தனிக்கதை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குத்தகை விவசாயிகள், சிறு நிலக்காரர்கள், நெசவாளர்கள், கைத்தொழிலாளர்கள். பெரிய கான்கள் ஒதுங்கியே இருந்தார்கள். முகாம்களில் நூல் நூற்றார்கள், மாவரைத்தார்கள், தெருக் கூட்டினார்கள். மானம் பெரிதென்று வாழும் பட்டாணியன் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது, அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்குவதைவிடக் கடினம். அந்தப் பயிற்சியில் தேறியவன் அடி வாங்கத் தயாராகிவிடுகிறான்.

சோதனை விரைவில் வந்தது. 1930 ஏப்ரல். இங்கே ராஜாஜியின் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். ஏப்ரல் 23 அன்று, பெஷாவருக்குப் போகும் வழியில் கஃபார் கான் கைதானார். நகரத்தில் காங்கிரஸ் தலைவர்களும் கைதாகியிருந்தார்கள். கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் கூட்டம் திரண்டது. ராணுவக் கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்து ஓட்டப்பட்டன, ஆட்கள் நசுங்கினார்கள். ஒரு வண்டி தீப்பற்றியது. துப்பாக்கிச்சூடு தொடங்கியது. விழுந்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு அடுத்தவர்கள் முன்னால் வந்தார்கள், மணிக்கணக்கில். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் மக்கள் கணக்கும் பல மடங்கு விலகி நிற்கின்றன. வித்தல்பாய் படேல் தலைமையில் காங்கிரஸ் நடத்திய விசாரணையின் அறிக்கையை அரசு உடனே தடை செய்தது.

கட்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் வீரர்கள் சிலர் நிராயுதபாணிகளைச் சுட மறுத்தார்கள். இமயமலைக் கிராமங்களிலிருந்து வந்த இந்து வீரர்கள், முஸ்லிம் கூட்டத்தின்மேல் துப்பாக்கியைத் திருப்ப மறுத்தார்கள். சந்திர சிங் கட்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பெஷாவர் நகரம் சில நாட்கள் அரசின் பிடியை விட்டே நழுவியது. பேரரசு உண்மையாகவே நடுங்கியது அப்போதுதான் என்பேன். உப்புக் காய்ச்சுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், சிப்பாய் சுட மறுப்பதைப் பொறுக்க முடியாது. காந்தி இதை மெச்சவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டளைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்த சிப்பாய் அதை மீறியது தவறு என்று பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் விடுதலையானவர்களில் கட்வால் வீரர்கள் இல்லை. அவருடைய தர்க்கம் எனக்குப் புரிகிறது. என்னால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரலுக்கு முன் சில நூறு, அதிகம் போனால் ஆயிரம் பேராக இருந்த செஞ்சட்டைக்காரர்கள் அதன் பிறகு பல்லாயிரக்கணக்கில் பெருகினார்கள். உச்சத்தில் ஒரு லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடுவோர் உண்டு. அரசின் படையினர் ஊர்களைச் சுற்றி வளைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி அடித்தார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ராணுவச் சட்டம் வந்தது. வெளியுலகின் துணை தேடி முதலில் செஞ்சட்டைக்காரர்கள் கதவைத் தட்டியது முஸ்லிம் லீகிடம். பிரிட்டிஷாரைப் பகைக்க லீக் தயாராக இல்லை. காங்கிரஸ் கைகொடுத்தது. 1931-இல் இரண்டும் இணைந்தன. காந்தியின் மேல் கொண்ட பக்தியால் விளைந்த இணைப்பு என்று இதைக் காட்டுவது வரலாறாகாது.

அடுத்த ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம்: நாடு கடத்தல், வார்தா வாசம், காங்கிரஸ் தலைவர் பதவி தேடி வந்தபோது தொண்டன் என்றே இருந்துவிடுகிறேன் என்ற மறுப்பு, 1937-இல் டாக்டர் கான் சாகிப் தலைமையில் மாகாண அமைச்சரவை. 1938-இல் காந்தி எல்லைப்புறத்துக்கு வந்தது மட்டும் நின்று பார்க்கத் தக்கது. வரிசையாக நின்ற செஞ்சட்டைக்காரர்களைப் பார்த்து அவர் பூரித்துப்போய்விடவில்லை. கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே வைத்தீர்கள் சரி, மனத்திலிருந்தும் வைத்தீர்களா என்று கூட்டத்துக்குக் கூட்டம் துருவித் துருவிக் கேட்டார். தலைவர் சொன்னதற்காகக் கட்டுப்படுவதும் தானாக நம்புவதும் வேறு என்பது அவருடைய ஐயம். அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. 1947-இல் கலவரம் சூழ்ந்தபோது, செஞ்சட்டைக்காரர்களைக் காக்க ஆயுதம் ஏந்திய இளைஞர் அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர் கஃபார் கானின் மகன், கவிஞர் கனி கான்.

1946 தேர்தலில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முஸ்லிம்களாக இருந்த அந்த மாகாணத்தில், ஐம்பது இடங்களில் முப்பதைக் காங்கிரஸ் பிடித்தது. முஸ்லிம் லீகுக்குப் பதினேழு. பாகிஸ்தான் கோரிக்கை உச்சத்தில் இருந்தபோது கிடைத்த வெற்றி இது. ஆனால் கல்கத்தாவும் பிகாரும் எரிந்தபின் காற்று திசை மாறியது. அக்டோபரில் நேரு எல்லைப்புறம் வந்தபோது கல்வீச்சு. கூட வந்த கான் சகோதரர்களும் காயம்பட்டார்கள்.

1947 ஜூன் தொடக்கத்தில் பிரிவினைத் திட்டம் காரியக் கமிட்டிக்கு வந்தது. எல்லைப்புறத்தில் மட்டும், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இருக்கும்போதே, தனியாக வாக்கெடுப்பு நடக்குமாம். இந்தியாவா பாகிஸ்தானா என்ற கேள்விக்கு மேல் மூன்றாவது வழி இல்லை. படேலும் ராஜாஜியும் பிரிவினைக்கும் வாக்கெடுப்புக்கும் ஆதரவாக இருந்ததாக கஃபார் கான் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் பதிவுசெய்தார். இனி நீங்கள் லீகில் சேர்ந்துவிடலாமே என்று பக்கத்தில் இருந்த ஆசாத் சொன்னதாகவும் அதில் உண்டு. எங்களை ஓநாய்களிடம் எறிந்துவிட்டீர்கள் என்று கஃபார் கான் மனம் கசந்து சொன்னது பின்னர் பிரசித்தமானது. ஏழாண்டு முன் காந்தியைத் தனியே விட்டவர்களே இப்போது அவரையும் விட்டார்கள்.

ராஜாஜியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. பிரிவினை தவிர்க்க முடியாதது என்பதை மற்றவர்களைவிட முன்னதாகவே கண்டு சொன்னவர் அவர். அதற்காகக் கட்சியில் வசையும் வாங்கினார். இந்தியாவின் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அவர் கணக்கு சரி. பெஷாவருக்கும் டெல்லிக்கும் இடையே முழு பஞ்சாபும் கிடந்தது. ஆனால் அந்தக் கணக்கில், பதினேழு ஆண்டுகள் காங்கிரஸ் பேரைச் சொல்லிக் குண்டடிபட்ட ஒரு கூட்டத்துக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி எழுதப்படவே இல்லை. அவர்களுக்காக ஒரு நிபந்தனை கூடக் காங்கிரஸ் வலுவாக வைத்துப் பேரம் பேசவில்லை.

பன்னுவில் கூடிய செஞ்சட்டைக்காரர்கள் பட்டாணியருக்கென்று தனிப் பஷ்தூனிஸ்தான் கேட்டார்கள். அது மறுக்கப்பட்டதும் வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். வாக்குரிமை இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 2,89,244 பேர் பாகிஸ்தானுக்கு வாக்களித்தார்கள், இந்தியாவுக்கு 2,874. மொத்தத்தில் பாதிப் பேர் சாவடிக்கு வரவில்லை. புறக்கணிப்பு கஃபார் கானின் அரசியல் வாழ்வின் பெரிய பிழை என்று கருதுவோர் உண்டு. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அவர்கள் சொல்வதில்லை. இந்தியாவுக்கு வாக்குக் கேட்டிருந்தால் அந்தச் சூழலில் அண்ணன் தம்பியே வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பாகிஸ்தான் பிறந்த எட்டாவது நாளே டாக்டர் கான் சாகிப் அரசு கலைக்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் கஃபார் கான் கராச்சியில் பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார். ஜூனில் கைதானார். ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தாவின் பாப்ரா என்ற இடத்தில், தலைவர்களின் கைதைக் கண்டித்து வந்த செஞ்சட்டைக்காரர்கள் மேல் போலீஸ் சுட்டது. அரசு பதினைந்து பேர் அளவில் சொன்னது. இயக்கத்தார் நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள். கிஸ்ஸா குவானிக்குப் பாடநூலில் ஒரு வரியாவது இடம் உண்டு. பாப்ராவுக்கு அதுவும் இல்லை, சுட்டவர்கள் வெள்ளைக்காரர்களாக இல்லாததால். அப்போது மாகாண முதலமைச்சர் அப்துல் கய்யூம் கான். முன்னாள் காங்கிரஸ்காரர். 1945-இல் கான் சகோதரர்களைப் புகழ்ந்து புத்தகம் எழுதியவர். பதவிக்கு வந்ததும் தன் புத்தகத்தைத் தானே தடை செய்த ஆசிரியர் உலகில் வேறு எவரும் இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கலாம். குதாயி கித்மத்கார் தடை செய்யப்பட்டது. சர்தர்யாபில் இருந்த அதன் தலைமை மையம் இடித்துத் தள்ளப்பட்டது.

வாழ்நாளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் கழித்தவர் கஃபார் கான். அதில் பாதியளவு சுதந்திர பாகிஸ்தானில். பிரிட்டிஷ் சிறை இதைவிடத் தேவலை என்றும் சொன்னார். 1964-இல் சிகிச்சைக்கு வெளிநாடு போய், அப்படியே ஆப்கானிஸ்தானில் தங்கினார். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு டெல்லியில் வந்து இறங்கியபோது, கைமூட்டை ஒன்றுதான் சாமான். அதை வாங்கப் போன இந்திரா காந்தியிடமும் கொடுக்கவில்லை. அகமதாபாத்தில் மதக் கலவரம் ஓய்ந்தும் ஓயாத நேரம். விழாவுக்கு வந்த விருந்தாளி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். காந்தியை மறந்துவிட்டீர்கள் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டுப் போனார். கைதட்டினோம்.

அவர் குறையே இல்லாதவர் என்று எழுத நான் வரவில்லை. சோவியத் படை நிலைகொண்டிருந்த காபூலோடு அவர் கடைசி வரை வைத்திருந்த நட்பு, அகதிகளாக ஓடிவந்த ஆப்கானியர் பலருக்குக் கசந்தது. 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் இறந்தார். எம்ஜிஆர் மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்த நாட்களில், ஜானகி அரசு நிலைக்குமா என்ற கவலையில் இருந்த தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி. விருப்பப்படி ஜலாலாபாத்தில் அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லையைக் கடந்து கூட வந்தார்கள். ஊர்வலத்துக்காகப் போர் நிறுத்தமும் வந்தது. அதையும் மீறிக் குண்டுகள் வெடித்துப் பலர் செத்தார்கள்.

பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. 1987-இல் பாரத ரத்னா கொடுத்தோம். டெல்லி கரோல் பாகில் செல்போன் வாங்கவும் பழுதுபார்க்கவும் போகிற கஃபார் மார்க்கெட் அவர் பெயரில் இருப்பது. பெஷாவர் விமான நிலையத்துக்கும் சார்சத்தா பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் பாகிஸ்தான் அவர் பெயரை வைத்தது. 2016-இல் அவரது நினைவு நாளில், கவியரங்கத்துக்கு ஆட்கள் கூடியிருந்த வேளையில், அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்த துப்பாக்கிக்காரர்கள் இருபது பேருக்கும் மேல் கொன்றார்கள்.

இன்றும் அதே பகுதியில் பஷ்தூன் தகஃபுஸ் இயக்கம் என்ற பெயரில் இளைஞர்கள் ஆயுதமின்றிக் கூடுகிறார்கள். காணாமல்போனவர்கள் எங்கே, எங்கள் ஊர்களில் கண்ணிவெடியை எப்போது அகற்றுவீர்கள் என்று கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் பாகிஸ்தான் அரசு அதைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்தது. அடியைத் தாங்கி நிற்க உத்மான்சாய்க்காரர்களுக்கு இருந்த கட்டமைப்பு இந்த இளைஞர்களுக்கு இன்னும் அமையவில்லை என்றே எனக்குப் படுகிறது. கஃபார் கானுக்கும் அது ஒரு பேரணியில் அமைந்துவிடவில்லை. 1910-இல் திறந்த முதல் பள்ளிக்கும் 1929-இல் எடுத்த முதல் உறுதிமொழிக்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள் அவர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்.